தரை தட்டப் பிறந்த கப்பல்

"தரை தட்டிய கப்பல்" என்று நம்மவர்கள் சொல்லும்போது அதிலே ஓர் இரக்கம் தொனிக்கும். தொழில் முறிந்தவரை, எண்ணியது நடவாமல் இடைவழியில் நின்றுவிட்டவரை அப்படிச் சொல்வார்கள். கடலோடிக்கோ அந்தச் சொல் அச்சமூட்டும் சொல். கல்லிலோ மணல் திட்டிலோ ஏறிவிட்ட கப்பல் அலைக்கு அலை அடிபட்டு உடைந்துபோகும். கரையை விட்டு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை அறிவதுதான் மாலுமியின் பாதிப் படிப்பு.

இந்தப் படிப்பையே தலைகீழாக்கி, தானே வலிந்து சென்று கரையில் மோதி நிற்பதற்கென்று கட்டப்பட்ட ஒரு கப்பலினத்தைப் பற்றியது இன்றைய உரை. ஆங்கிலத்தில் அதற்கு இட்ட பெயர் 'லாண்டிங் ஷிப் டாங்க்'. சுருக்கமாக எல்.எஸ்.ரி. யுத்த தாங்கிகளைத் தரையிறக்கும் கப்பல் என்று பொருள். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இவை 1,051 கட்டப்பட்டன. பார்ப்பதற்கு அழகில்லாத கப்பல். யுத்தம் முடியும்வரை இவற்றுக்கு எண் இருந்ததேயொழியப் பெயர் இருக்கவில்லை. ஆனால் சேர்ச்சிலும் றூஸ்வெல்ட்டும் ஸ்டாலினும் கூடிப் பேசிய மேசையில், எந்தப் படை எந்த மாதத்தில் எந்தக் கரையில் இறங்கும் என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம், பதில் இந்தக் கப்பல்களின் எண்ணிக்கையிலேயே தங்கியிருந்தது. அந்தக் கணக்கில் நமது கண்டி மாநகருக்கும் ஒரு பங்கு உண்டு.

கதை ஒரு தோல்வியில் தொடங்குகின்றது. 1940 மே மாத இறுதியிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் பிரான்ஸின் டன்கேர்க் கரையிலிருந்து சுமார் 3,38,000 நேசநாட்டுப் படையினர் மீட்கப்பட்டார்கள். மீன்பிடிப் படகுகளும் உல்லாசப் படகுகளும்கூட அந்த மீட்பில் ஈடுபட்டன. ஆனால் மனிதரைத்தான் ஏற்ற முடிந்தது. பீரங்கிகளும் வாகனங்களும் தாங்கிகளும் மணலிலேயே கைவிடப்பட்டன. விட்டு வந்த கரைக்கு என்றோ ஒருநாள் திரும்பிப் போக வேண்டும். போகும்போது தாங்கிகளோடு போக வேண்டும். ஆனால் துறைமுகங்கள் எல்லாம் எதிரியின் கையில். துறைமுகம் இல்லாத வெறும் கரையில் முப்பது தொன் எடையுள்ள தாங்கியை இறக்குவது எப்படி? பிரித்தானியர் முன் நின்ற வினா இதுதான்.

முதலில் கையில் கிடைத்ததை வைத்துப் பார்த்தார்கள். வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரியின் வாயில் ஆழம் குறைந்தது. அந்த ஏரிக்கென்று கட்டப்பட்ட எண்ணெய்க் கப்பல்களுக்கு அடிப்பாகம் அதிகம் தாழாது. மிசோவா, தசஹேரா, பச்சகேரோ என்ற அத்தகைய மூன்று கப்பல்களின் முன்பக்கத்தை வெட்டிக் கதவு வைத்தார்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதை மூத்த தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் கடற்படை மேலும் மேற்கே வந்து மடகஸ்காரைப் பிடித்துவிடக்கூடும் என்ற அச்சத்தில், அடுத்த மாதம் பிரித்தானியர் அத்தீவின் தியேகோ சுவாரெஸ் துறையைக் கைப்பற்றினர். அந்த நடவடிக்கையில் பச்சகேரோவும் சென்றது. தகுந்த கரை தேடி அலைந்து, தாமதமாகத்தான் அதனால் தன் சுமையை இறக்க முடிந்தது. ஒட்டுப்போட்ட கப்பல் போதாது, புதிதாக ஒன்று வேண்டும் என்பது விளங்கியது.

அந்தப் புதிய கப்பலுக்கான கோரிக்கை 1941இன் பிற்பகுதியிலேயே அமெரிக்கக் கடற்படையின் கப்பல் பணியகத்துக்குப் போயிருந்தது. அங்கே ஜோன் நீடர்மேயர் என்ற கப்பல் வடிவமைப்பாளர் 1941 நவம்பர் 4ஆம் திகதி சில மணி நேரத்துக்குள் ஒரு தாளில் பென்சிலால் ஒரு படம் கீறினார். பின்னர் கட்டப்பட்ட ஆயிரம் கப்பல்களுக்கும் அதுவே மூலம்.

அவர் தீர்த்த சிக்கல் எளிமையானதுபோல் தோன்றும். பெருங்கடலைக் கடக்க வேண்டுமானால் கப்பல் நீருள் ஆழ இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புயலில் உருண்டுவிடும். கரையில் ஏற வேண்டுமானால் ஆழம் குறைந்திருக்க வேண்டும். ஒரே கப்பல் இரண்டாகவும் இருப்பது எப்படி? நீடர்மேயர் கப்பலின் வயிற்றில் பெரிய நீர்த்தொட்டிகளை வைத்தார். கடலில் செல்லும்போது அவற்றில் கடல்நீரை நிரப்பினால் கப்பல் தாழும். கரையை நெருங்கும்போது அந்த நீரை வெளியே இறைத்தால் கப்பல் மிதந்தெழும். நீர்மூழ்கிக் கப்பலில் கையாண்ட உத்திதான்; அதை இங்கே கரையேறப் பயன்படுத்தினார்.

கப்பல் 328 அடி நீளம், 50 அடி அகலம். கரை தொடும் நேரத்தில் முன்பக்கம் மூன்று அடிக்குச் சற்றுக் கூடுதலாகவே நீரில் அமிழ்ந்திருக்கும். பின்பக்கம் ஒன்பதரை அடி. நம் மீனவர் அணியம் என்று சொல்லும் முன்முனையில் இரட்டைக் கதவு. அது விரிந்ததும் உள்ளிருந்து ஒரு சாய்தளம் மணலில் இறங்கும். வயிற்றுக்குள்ளே வரிசையாக நிற்கும் சுமார் இருபது தாங்கிகள் உறுமிக்கொண்டு வெளியே வரும். மூடிய அறைக்குள் இருபது இயந்திரங்கள் இயங்கினால் புகையிலேயே ஆட்கள் மூச்சுத் திணறி இறந்துவிடுவார்கள் அல்லவா? கடலிலிருந்து வெகுதூரத்தில், கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் நொக்ஸ் இராணுவ முகாமில், கப்பலின் வயிற்றைப் போலவே ஒரு கட்டடம் கட்டி, அதற்குள் தாங்கிகளை ஓட்டிப் புகைபோக்கும் விசிறிகளைச் சோதித்துப் பார்த்தார்கள்.

இறங்கிய பின் கப்பல் திரும்புவது எப்படி? கரைக்குச் சில நூறு அடி இருக்கும்போதே பின்புறத்து நங்கூரத்தைக் கடலில் இறக்கிவிட்டுத்தான் கப்பல் முன்னே போகும். வேலை முடிந்ததும் அந்த நங்கூரத்தின் வடத்தை இயந்திரத்தால் சுற்றிச் சுற்றி, தன்னைத் தானே கடலுக்குள் இழுத்துக்கொள்ளும். போகும்போதே திரும்பும் வழியையும் நட்டுவிட்டுப் போவது என்று இதைச் சொல்லலாம்.

வேகம்தான் குறை. ரயில் இயந்திரங்களில் பூட்டும் வகையைச் சேர்ந்த டீசல் இயந்திரங்கள் இரண்டைப் பூட்டியிருந்தார்கள். முழு மூச்சாக ஓடினாலும் மணிக்குப் பன்னிரண்டு கடல் மைலுக்கு மேல் போகாது. எல், எஸ், ரி என்ற மூன்று எழுத்துகளுக்கும் மாலுமிகள் தாங்களாகவே ஒரு விரிவு கண்டுபிடித்தார்கள்: "பெரிய, மெதுவான இலக்கு."

இதைக் கட்டியவர்கள் யார்? அமெரிக்காவின் கடலோரத் துறைகளில் விமானந்தாங்கிகளும் நாசகாரிகளும் இடம்பிடித்திருந்தன. ஆகவே கடலையே கண்டிராத உள்நாட்டு ஊர்களுக்கு வேலை போயிற்று. ஒஹையோ நதிக்கரையில் இந்தியானா மாநிலத்தின் எவன்ஸ்வில், இல்லினோய் நதிக்கரையில் செனெக்கா போன்ற ஊர்கள் அவை. சோளம் விளைந்த பூமியில் கப்பல் துறை எழுந்தது. எவன்ஸ்வில்லில் மட்டும் 167 கப்பல்களும் செனெக்காவில் 157 கப்பல்களும் கட்டி முடிக்கப்பட்டன. எவன்ஸ்வில் துறையின் உச்ச காலத்தில் 19,000 பேர் வரை அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். அதற்கு முந்திய ஆண்டு வரை அடுக்களையிலும் கடையிலும் நின்றவர்கள் இரும்புத் தகடுகளை உருக்கி ஒட்டக் கற்றுக்கொண்டார்கள். 1943இல் ஒரு கப்பலைக் கட்ட நான்கு மாதம் பிடித்தது. யுத்தத்தின் முடிவில் இரண்டே மாதம். கட்டிய கப்பல் நதிவழியே மிசிசிப்பியில் இறங்கி, நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்து, நியூ ஓர்லியன்ஸுக்கப்பால் முதன்முறையாக உப்புநீரைக் கண்டது.

இத்தனை வேகமாகக் கட்டியும் போதவில்லை. அதற்கும் காரணம் உண்டு. அத்திலாந்திக் கடலில் ஜேர்மன் நீர்மூழ்கிகளின் தொல்லை உச்சத்தில் இருந்தபோது, காவற் கப்பல்களைக் கட்டும் பணிக்கு முன்னுரிமை கொடுத்துத் தரையிறங்கு கப்பல்களின் வேலையைப் பின்தள்ளியிருந்தார்கள். பின்பு எல்லாப் போர்முனைகளும் ஒரே நேரத்தில் அவற்றைக் கேட்டன. சிசிலியும் சலேர்னோவும் கேட்டன, பசிபிக் தீவுகள் கேட்டன, நோர்மண்டி கேட்டது, அன்சியோ கேட்டது. நோர்மண்டித் தரையிறக்கம் முதலில் 1944 மே மாதத்துக்கே திட்டமிடப்பட்டது. இன்னுமொரு மாத உற்பத்தி கைக்கு வந்து சேரட்டும் என்பதும் அது ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போனதற்கு ஒரு முக்கிய காரணம். அதனோடு ஒரே நேரத்தில் நடக்கவிருந்த தென் பிரான்ஸ் தரையிறக்கம் ஓகஸ்ட் 15 வரை பிந்தியது. இரண்டுக்கும் போதுமான கப்பல் இல்லை. இரண்டு வல்லரசுகளின் தலைவிதி இந்தக் கப்பல்களோடு கட்டுண்டு கிடப்பதைச் சொல்லிச் சேர்ச்சில் சலித்துக்கொண்டது வரலாற்றில் பதிவாகியிருக்கின்றது.

இங்கேதான் நமது பேராதனை வருகின்றது.

1943இல் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைவராக நியமிக்கப்பட்டவர் மவுண்ட்பேற்றன் பிரபு. கடலிலிருந்து கரைமேல் பாயும் போர்முறைக்குப் பிரித்தானியாவில் பொறுப்பாக இருந்தவர் அவர். ஜப்பானியரிடமிருந்து அந்தமான் தீவுகளைக் கடல்வழியாகப் பிடிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. 1943 நவம்பரில் கெய்ரோ மகாநாட்டில் சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்குக்கு றூஸ்வெல்ட் அதைப் பற்றி வாக்குறுதியும் அளித்தார். அடுத்து தெஹ்ரானில் ஸ்டாலினோடு பேசிய பின் கணக்கு மாறியது. பிரான்ஸில் இறங்குவதே முதல் வேலை. அதற்குக் கப்பல் வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமான் திட்டம் கைவிடப்பட்டது. இந்து சமுத்திரத்தில் நின்ற தரையிறங்கு கப்பல்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றன் தன் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூங்காவின் பெருமரங்களிடையே கொட்டகைகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான உத்தியோகத்தர்கள் வந்து குவிந்தார்கள். கடற்போருக்குத் தோதான இடத்தில் தலைமையகம் அமைந்தபோது கடல் கடக்கும் கப்பல்கள் அங்கே இல்லை! பர்மாவைக் கடல்வழியே மீட்கும் எண்ணம் ஆறப்போடப்பட்டு, பதினான்காவது இராணுவம் மலையும் காடும் ஆறும் கடந்து தரைவழியே மீட்டது. 1945 மே மாதத் தொடக்கத்தில் ரங்கூனுக்குக் கடல்வழியாகப் படை சென்றபோது ஜப்பானியர் நகரை விட்டுப் போயிருந்தார்கள். மலாயாவின் மோரிப் கரையில் பெரும்படை இறங்கியது 1945 செப்டெம்பர் 9இல். ஜப்பான் சரணடைந்து மூன்று வாரத்துக்கு மேலாகியிருந்தது. அந்தக் கரையின் சேற்றில் வாகனங்கள் புதைந்து நின்றன. எதிரி சுட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அங்கே நின்றவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

காத்திருந்தவர்கள் படையினர் மட்டுமல்லர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாய் அங்கே மடிந்தார்கள். பாதை 1943 ஒக்டோபரில் முடிந்த பின்னும் எஞ்சியோரில் பலர் யுத்தம் ஓயும்வரை ஊர் திரும்பவில்லை. அந்தமானில் கப்பல் இறங்கியிருந்தால் அவர்கள் கதை மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு போர்முனையிலிருந்து மறுமுனைக்குக் கப்பல்களை மாற்றி எழுதிய கணக்கேட்டில், காத்திருக்கும் மக்களுக்கென்று ஒரு பத்தி இருக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கணக்கேட்டில் இடம் பெறாத வேறு சிலரும் உண்டு. 1944 ஏப்ரல் 28ஆம் திகதி அதிகாலை. நோர்மண்டிக்கு ஒத்திகையாக எட்டு எல்.எஸ்.ரி. கப்பல்கள் படையினரை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் தென்கரையில் லைம் குடாவில் ஊர்ந்துகொண்டிருந்தன. துணைக்கு வரவேண்டிய நாசகாரிக் கப்பல் முந்திய நாள் மோதலொன்றில் சேதமுற்றுத் துறைமுகத்தில் நின்றது. வானொலி அலைவரிசையில் ஏற்பட்ட பிழையால் எச்சரிக்கையும் சரியாகச் சேரவில்லை. ஷெர்பூர்க்கிலிருந்து வந்த ஒன்பது ஜேர்மன் விரைவுப் படகுகள் அவற்றைக் கண்டுவிட்டன. 507, 531 என்ற எண்களுடைய இரு கப்பல்கள் மூழ்கின; 289 உடைந்த உடலோடு கரை சேர்ந்தது. மாண்டோர் 749 பேர். உயிர்காப்புப் பட்டியை அக்குளுக்குக் கீழே கட்ட வேண்டும் என்று பலருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தார்கள். முதுகுச் சுமையின் பாரத்தில் தலை கீழாகவும் கால் மேலாகவும் மிதந்து இறந்தார்கள்.

நோர்மண்டி இரகசியம் வெளிப்பட்டுவிடக் கூடாது என்று தப்பியவர்களின் வாய் கட்டப்பட்டது. இறந்தோர் தொகை ஓகஸ்ட் மாதத்தில் மெல்ல வெளியிடப்பட்டபோது, வெற்றிச் செய்திகளின் ஆரவாரத்தில் அதை எவரும் கவனிக்கவில்லை. அதே ஆண்டு மே 21ஆம் திகதி பேர்ள் துறைமுகத்தின் வெஸ்ட் லொக் பகுதியில், சைப்பான் தீவுக்குப் புறப்பட வெடிமருந்து ஏற்றிக்கொண்டிருந்த எல்.எஸ்.ரி.க்களிடையே பெருவெடிப்பு நிகழ்ந்தது. ஆறு கப்பல்கள் அழிந்தன. 163 பேர் மாண்டார்கள். அந்த விபத்தின் விபரங்கள் 1960 வரை இரகசியமாகவே வைக்கப்பட்டன. பெயரில்லாத கப்பல்களில் போனவர்களின் சாவுக்கும் பெயரில்லாமற் போயிற்று. லைம் குடாவின் மேற்கே உள்ள ஸ்லப்டன் கடற்கரையில், ஊர்வாசி ஒருவர் தன் முயற்சியால் கடலடியிலிருந்து ஒரு தாங்கியை மீட்டு 1984இல் நினைவுச் சின்னமாக நிறுத்தினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

இந்தக் கப்பலின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகின்றது. தாங்கியை இறக்கிய கப்பல் வெறுமையாகத் திரும்ப வேண்டும் என்று விதியில்லை. நோர்மண்டியில் தாங்கிகள் வெளியேறிய அதே கதவின் வழியாகக் காயம்பட்டவர்களைத் தூக்கு கட்டில்களில் உள்ளே கொண்டு வந்தார்கள். சுவரோரம் அடுக்கடுக்காகக் கட்டில்கள். சத்திரசிகிச்சைக்கு ஒரு மூலை. அவ்விதம் நோர்மண்டிக் கரைகளிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து திரும்பிய காயக்காரர் தொகை 41,035 என்று அமெரிக்கக் கடற்படையின் பதிவு சொல்கின்றது.

1950 டிசம்பரில் வடகொரியாவின் ஹங்னாம் துறைமுகத்தில் பின்வாங்கும் படைகளோடு ஏறக்குறைய ஒரு லட்சம் பொதுமக்கள் கப்பலேற வந்து நின்றார்கள். பனிக்காற்றில், தலையில் மூட்டையும் முதுகில் குழந்தையுமாக வந்தவர்களை ஏற்றிய கப்பல்களில் எல்.எஸ்.ரி.க்களும் இருந்தன. தாங்கிகள் நின்ற இரும்புத் தளத்தில் மனிதர் தோளோடு தோள் நெருங்கி நின்றார்கள். 1954இல் வியட்நாம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது, வடக்கிலிருந்து தெற்கே சென்றவர்களில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோரை அமெரிக்கக் கடற்படை ஏற்றிச் சென்றது. அங்கேயும் இக்கப்பல்கள் உழைத்தன. படையை இறக்கும் கப்பலும் அகதியை ஏற்றும் கப்பலும் ஒன்றாக இருந்ததை யுத்தங்களுக்குக் கிடைத்த பெருமையாக எண்ண வேண்டாம். அகதியை உண்டாக்குவதும் யுத்தமே. ஆனாலும் துறைமுகமோ பாலமோ கேட்காமல் எந்தக் கரைக்கும் தானே வந்து கதவைத் திறக்கும் கப்பல், நிர்க்கதியாக நிற்பவருக்கு வேறொரு கப்பலாகத்தான் தெரியும்.

நமது அயலிலும் இந்த வம்சம் தொடர்ந்தது. பிரித்தானியர் தாமே கட்டிய பின்வந்த வகையைச் சேர்ந்த ஒன்றை 1949இல் இந்தியக் கடற்படை வாங்கி 'மகர்' என்று பெயரிட்டது. அதே பெயரில் பின்னர் இந்தியாவிலேயே கட்டப்பட்ட கப்பல் 1987இல் சேவைக்கு வந்தது. 2020 மே மாதம், கொள்ளை நோயால் உலகம் கதவடைத்திருந்த நாட்களில், மாலைதீவில் சிக்கியிருந்த இந்தியர் இருநூறு பேருக்கு மேல் ஏற்றிக் கொச்சிக்குக் கொண்டு வந்தது அந்தக் கப்பல்தான். 2023 மே மாதம் அது ஓய்வு பெற்றது.

அமெரிக்கா 1955இல் எஞ்சியிருந்த எல்.எஸ்.ரி.க்களுக்குத் தன் மாவட்டங்களின் பெயர்களைச் சூட்டியது. அதற்குள் பெரும்பாலானவை பிறநாடுகளுக்குக் கைமாறியோ, வர்த்தகக் கப்பல்களாகியோ, இரும்புக்கு உடைபட்டோ போயிருந்தன. 325 என்ற எண்ணுடைய கப்பல் சிசிலியையும் சலேர்னோவையும் நோர்மண்டியையும் கண்டது. 1964இல் கிரேக்கத்துக்குப் போய், 'சைரோஸ்' என்ற பெயரில் 1999 வரை அந்நாட்டுக் கடற்படையில் உழைத்தது. அதைத் தாயகத்துக்குக் கொண்டுவரப் பழைய மாலுமிகள் சிலர் புறப்பட்டார்கள். பெரும்பாலானோர் எழுபது வயதைக் கடந்தவர்கள். 2000 நவம்பரில் கிறீற் தீவிலிருந்து கிளம்பி, குளிர்காலத்து அத்திலாந்திக்கை அந்த மந்தக் கப்பலிலேயே கடந்து, 2001 ஜனவரி 10ஆம் திகதி அலபாமா மாநிலத்தின் மொபைல் துறையை அடைந்தார்கள். 2005 முதல் அதன் இருப்பிடம் எவன்ஸ்வில்; ஒரு காலத்தில் சோளக் காட்டில் கப்பல் கட்டிய அதே ஊர்.

கடலைக் காணாதவர்கள் கட்டிய கப்பல். தலைவர்கள் கணக்குப் பார்த்த கப்பல். கணக்கில் வராதவர்கள் செத்த கப்பல். பெண்ணுக்குக் கலியாணம் செய்து வைத்தாலும், பிள்ளையைப் படிப்பித்து ஆளாக்கினாலும், "கரை சேர்த்துவிட்டேன்" என்று பெருமூச்சு விடுவது நமது வழக்கம். தரை தட்டவென்றே பிறந்த அந்தக் கப்பலை நினைக்கும்போது, அது இறக்கிய தாங்கிகளின் தொகையைவிட, அது கரை சேர்த்த மனிதரின் தொகைதான் மனதில் நிற்கின்றது.